கொக்குச் சின்னம்

பிள்ளை ப்ரஹ்லாத் அனுப்பிய பார்சலில் சாக்லேட் இருக்கும் என்றுதான் ருக்கு நினைத்தாள். ஜெர்மனியிலிருந்து லீவுக்கு வந்த அவனுடைய சிநேகிதன் ரோஹன் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போயிருந்தான். பிரித்தால் துணி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"மடிசாருக்கே போதும் போலிருக்கே," என்றாள் ருக்கு.

அவள் கணவர் சந்தானம் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல்வரை பின்னால் நடந்த பிறகுதான் அது முழுதாக விரிந்தது. பாதி நீலம், பாதி மஞ்சள். மேல்பக்கம் நடுவில் ஒரு கேடயம். கேடயத்துக்குள் ஒற்றைக்காலில் நிற்கிற வெள்ளைக் கொக்கு, அதன் வாயில் ஒரு மீன், காலடியில் அலை அலையாய்த் தண்ணீர், பக்கத்தில் கொக்கின் உயரத்துக்கு ஒரு சாவி.

சந்தானம் உடனே பிள்ளையை வீடியோவில் கூப்பிட்டார்.

"அது எங்க ஊர்க் கொடிப்பா," என்றான் ப்ரஹ்லாத். "ரைஹர்னா கொக்கு, பாக்னா ஓடை. ரைஹர்பாக். கொக்கோடைன்னு வெச்சுக்கோங்கோ. அந்தச் சாவி எங்க சர்ச்சோடது. கவுன்சில்ல புதுசா வந்தவாளுக்கெல்லாம் மேயர் ஆளுக்கு ஒரு கொடி குடுத்தார். நான் இருக்கற வீட்ல தொங்கவிட இடம் இல்ல. நம்மாத்துல பால்கனி இருக்கே."

எங்க ஊர் என்று அவன் சொன்னது ருக்குவுக்குச் சுருக்கென்றது. ஜோகுபாளையத்தில் இதே வீட்டில் தவழ்ந்து வளர்ந்தவன். அந்த தேசத்துக் குடியுரிமை வாங்கிக்கொண்டேன் என்று போன வருஷம் அவன் சொன்னபோது அவள் ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத அந்தக் கிராமத்தில் ஊராட்சிக்கு நின்று ஜெயித்துவிட்டேன் என்று இந்த வருஷம் சொன்னபோது, "சரி, சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள்.

சந்தானம் அப்படியில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் தலை நிமிராமல் வேலை பார்த்தவர். கல்யாண போட்டோக்களில்கூட ஓரத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்பவர். அந்த மனுஷருக்குப் பிள்ளை கவுன்சிலர் ஆனதில் நெஞ்சு கொள்ளாத பெருமை. அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஸ்டூலைத் தேடி எடுத்துக்கொண்டு பால்கனிக்குக் கிளம்பினார்.

"ஏன்னா, வைஷ்ணவா ஆத்து வாசல்ல மீனைத் தொங்கவிடப் போறேளா?"

"மத்ஸ்யாவதாரம்னு நெனச்சுக்கோயேன்."

"அவதாரத்தைக் கொக்கு வாய்லயா வெப்பா?"

அவர் ஸ்டூலில் ஏறினார். கொடியைக் கட்டிவிட்டார். பால்கனிக் கம்பியிலிருந்து கீழே கேட்டின் தலைவரைக்கும் அது தொங்கியது. காற்றடித்தபோது கொக்கு அசைந்தது.

மறுநாள் காலை ருக்கு கோலம் போட வெளியே வந்தபோது எதிர்ப்பக்கம் நாலைந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளைக் கண்டதும் ஒருவர் கும்பிட்டார். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் யாரும் அவளைக் கும்பிட்டதில்லை.

சற்று நேரத்தில் மூலையில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் சுந்தரம் வந்தார். தெருவில் பிள்ளையார் சதுர்த்தி என்றாலும் சீரியல் பல்பு என்றாலும் முன்னால் நிற்பவர் அவர்தான்.

"சார் இருக்காரா மாமி? நம்ம தெருவுலயே இருந்துக்கிட்டு நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"எதைச் சொல்லலை?"

"புதுக் கட்சி ஆரம்பிச்சதை. கொக்குச் சின்னம்."

ருக்குவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது கட்சிக் கொடி இல்ல சுந்தரம். என் பிள்ளை ஜெர்மனியில இருக்கான் பாருங்கோ, அந்த ஊரோட கொடி."

சுந்தரம் கொடியை இன்னொருமுறை பார்த்தார். "ஜெர்மனி சப்போர்ட்டா?" என்று குரலைத் தாழ்த்தினார். "பெரிய லெவல்லதான் போறீங்க."

"இல்லவே இல்லங்கறேன்."

"முதல்ல எல்லாரும் இல்லன்னுதான் சொல்வாங்க மாமி. சும்மா ஏன் மறைக்கறீங்க? நிக்கறதுன்னா நிக்கட்டும். நாங்க இருக்கோம்."

ருக்குவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நகரத்தில் கவுன்சிலர் என்று ஒருவர் இருந்தே பல வருஷம் ஆகிவிட்டது. இதோ தேர்தல், அதோ தேர்தல் என்கிறார்கள். வார்டைப் பிரிக்கிறார்கள், சேர்க்கிறார்கள், பெயர் மாற்றுகிறார்கள். குறை சொல்லப் போவதற்கு ஒரு வீட்டு வாசல் இல்லாமல் இருந்த தெருவில், திடீரென்று ஒரு வீட்டின் முன்னால் சின்னம் போட்ட கொடி தொங்கினால் ஜனங்கள் வேறென்ன நினைப்பார்கள்?

சாயங்காலத்துக்குள் சமாச்சாரம் மர்பி டவுன்வரை போய்விட்டது. டீக்கடையில் ஒருவர், பறவைகளையெல்லாம் இப்போது சின்னமாகக் கொடுப்பதில்லை, இது செல்லாது என்றாராம். அது உள்ளூர்ப் பறவைக்குத்தான், இது வெளிநாட்டுக் கொக்கு என்று இன்னொருவர் அடித்துச் சொன்னாராம்.

வாக்கிங் போன சந்தானம் பாதியில் திரும்பி வந்து கதவைத் தாழிட்டார்.

"பேக்கரியில ரெண்டு பன் கூடப் போட்டுக் குடுக்கறான் ருக்கு. எனக்கு பயமா இருக்கு. கொடியை எடுத்துடலாம்."

"எடுத்தா கட்சி மாறிட்டார்னு சொல்வா."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து வாசலில் காலடிச் சத்தம் கேட்டாலே பின்கட்டுக்குப் போய்விடுவார். "குளிக்கறேன்னு சொல்லு" என்பார். ஒரே நாளில் அவர் நாலு தடவை குளித்ததாக ருக்கு சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே வந்தவர்களிடமெல்லாம் ருக்குதான் பேசினாள். இல்லை, அவர் நிற்கவில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவாள். அவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டு, தெருவிளக்கு எரியாததைச் சொல்வார்கள். காவிரித் தண்ணீர் வராத நாளைச் சொல்வார்கள். பொம்மசந்திராவில் வேலை பார்க்கும் ஹரிஷ்குமார், கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் சாக்கடை மூடி இல்லை, போன மாதம் தன் கால் உள்ளே போய்விட்டது என்று பேண்டைத் தூக்கித் தழும்பைக் காட்டினான். ருக்கு எல்லோருக்கும் காபி கொடுத்தாள். கேட்பதற்கு அவளுக்குப் பிடித்திருந்தது. ரிடையர் ஆகும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். முன்பின் தெரியாதவர்களின் குரலை நாளெல்லாம் கேட்டுப் பழகியவள். கேட்டு எத்தனை காலமாகிவிட்டது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

எதிர்வரிசையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் பிரபா வந்தபோது தன் பெண் ரக்ஷிதாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"மாமி, கொக்கு எதுக்குன்னு எனக்குத் தெரியல. ஆனா சாவி போட்டிருக்கே, அது பார்க் சாவிதானே?"

"எந்த பார்க்?"

"தெருக்கோடியில இருக்கே, அதான். இவ என் வயித்துல இருக்கும்போது கட்டி முடிச்சாங்க. இப்ப செகண்ட் ஸ்டாண்டர்ட் போறா. இன்னும் பூட்டித்தான் கெடக்குது. நீங்க வந்தா தொறந்துடுவீங்கன்னு சொல்றாங்க."

அன்று மாலை ருக்கு தெருக்கோடிக்கு நடந்து போனாள். எத்தனையோ முறை கடந்து போன இடம்; நின்று பார்த்ததில்லை. கம்பிக் கேட்டில் பெரிய பூட்டு. உள்ளே இடுப்பளவு புல். புல்லுக்கு நடுவே சறுக்குமரம், சிமெண்ட் பெஞ்சுகள், வேலியை ஒட்டி இரண்டு ஊஞ்சல்கள். கம்பிக்கு இடையில் கையை விட்டால் ஒரு ஊஞ்சலின் சங்கிலி எட்டியது. அந்த இடத்தில் மட்டும் சங்கிலி துருப்பிடிக்காமல் பளபளவென்று இருந்தது. குழந்தைகள் தொட்டுத் தொட்டுத் தேய்த்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ப்ரஹ்லாதைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா, உங்க ஊர்ல பார்க்கைப் பூட்டி வெச்சா என்ன பண்ணுவேள்?"

உங்க ஊர் என்று அம்மா கேட்டது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

"பூட்டமாட்டாம்மா. ஆனா ஒரு ஊஞ்சல் போடறதுக்கு எட்டு மாசம் சண்டை போட்டோம். சத்தம் வரும்னு ஒரு தாத்தா எழுந்து நின்னு கத்தினார். நான் போய் அவராத்துல உக்காந்து அவர் சொல்றதை முழுக்கக் கேட்டேன். கடைசியில அவர்தான் ஊஞ்சலுக்கு மரம் குடுத்தார்."

"நீ போய் உக்காந்து கேட்டியா?"

"உன் பிள்ளைதானே."

அன்றைக்கு அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். ஊருக்கு வருகிற பஸ்ஸை நிறுத்திவிடப் பார்த்தபோது அவன் வீடு வீடாகப் போனது, தீயணைப்பு வண்டிக்குப் புது ஷெட், முதல் கூட்டத்தில் உச்சரிப்புத் தவறி அவன் "மாண்புமிகு மேயர்" என்பதற்குப் பதில் வேறென்னவோ சொல்லிவிட்டுச் சபையே சிரித்தது எல்லாம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பேசி முடித்தபோது அவளுக்கு அந்த ஊரின் தெருக்கள் பாதி பழகிவிட்டாற்போல் இருந்தது.

மறுநாள் காலை போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பார்க் தங்களுடையது இல்லை என்று ஒரு ஆபீசில் சொன்னார்கள். அப்படியென்றால் யாருடையது என்று கேட்டு அந்த எண்ணை வாங்கினாள். அங்கே வேறொரு எண் கொடுத்தார்கள். யாரும் போனை வைக்கும் முன்னால் அவள் வைப்பதில்லை. அது பழைய தொழிலின் பழக்கம். மத்தியானத்துக்குள் ஆளைப் பிடித்துவிட்டாள். ஸ்ரீஹர்ஷா என்று ஒரு இளம் என்ஜினியர். நேரில் வாருங்கள் என்றான்.

வெளியில் அடியெடுத்து வைக்கவே பயந்துகொண்டிருந்த சந்தானம், "தனியாவா போறே? நானும் வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஸ்ரீஹர்ஷாவிடம் ருக்கு கன்னடத்தில்தான் பேசினாள். பார்க் என்றதும் அவன் முகம் மலர்ந்தது; அது அவன் வேலைக்குச் சேர்ந்து போட்ட முதல் பிளானாம்.

"உத்காடனெ ஆகில்ல மேடம்," என்றான். திறப்பு விழா நடக்கவில்லை. எல்லாம் தயார். அவன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு கருங்கல் பலகை சாத்தி வைத்திருந்தது. திறந்து வைத்தவர் என்று பொறித்து, அதன் கீழே வழவழவென்று வெறும் இடம். "கவுன்சிலர் வந்து திறக்க வேண்டும். கவுன்சிலர் இல்லை. பேர் போட ஆள் இல்லாமல் இந்தக் கல் என்னோடு மூன்று ஆபீஸ் மாறிவிட்டது."

"கவுன்சிலரா இருந்தா போதுமா?" என்று கேட்டாள் ருக்கு.

"கவுன்சிலராக இருந்தால் போதும்."

"என் பிள்ளை கவுன்சிலர்தான். அடுத்த மாசம் வரான்."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எந்த வார்டு மேடம்?"

"ரைஹர்பாக்."

அவன் புருவத்தைச் சுருக்கி யோசித்தான். "மகாதேவபுரா பக்கமா?"

"ஃப்ராங்க்ஃபர்ட் பக்கம்," என்றார் சந்தானம். அந்த ஆபீசில் அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். ஸ்ரீஹர்ஷா சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ருக்கு கொடியின் கதையை முதலிலிருந்து சொல்ல, அவர்களும் உள்ளே வந்து நின்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்ரீஹர்ஷா சொன்னான்: விழா என்று வைத்தால்தான் கவுன்சிலர் வேண்டும். பராமரிப்புக்காகத் தெருக்காரர்களிடம் ஒப்படைக்கலாம், அதற்கு விதி இருக்கிறது. மேலே கேட்டுவிட்டுச் சொல்கிறேன். கல் பாட்டுக்குத் தன் கவுன்சிலருக்காகக் காத்திருக்கட்டும்.

மறுநாளே போன் வந்தது. சரி என்று சொல்லிவிட்டார்கள். சாக்கடை மூடிக்கும் ஆள் அனுப்புவதாகச் சொன்னான், ருக்கு அதையும் சேர்த்துக் கேட்டிருந்தாள்.

டிசம்பரில் ப்ரஹ்லாத் வந்து இறங்கியபோது சுந்தரம் மாலையோடு வாசலில் நின்றார். "வாங்க தலைவரே," என்றார். ப்ரஹ்லாத் வெட்கத்தில் அப்படியே அப்பாவைப்போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். நான் இங்கே ஒன்றும் இல்லை, அங்கேயும் சம்பளமில்லாத மெம்பர்தான் என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "பாருங்க, எவ்ளோ அடக்கம்," என்றார் சுந்தரம் கூட்டத்தைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க் வாசலில் தெருவே கூடியது. கொடியைச் சந்தானமே கழற்றிக் கொண்டுவந்து கேட்டில் கட்டினார். நுழைகிறவர்கள் கொக்கை நிமிர்ந்து பார்க்கட்டும் என்று உயரமாகக் கட்டினார். பிரபா பார்லரிலிருந்து ரோஸ் கலர் சாட்டின் ரிப்பனும், முடி வெட்டுகிற கத்தரிக்கோலும் எடுத்து வந்திருந்தாள். சமோசாவும் மைசூர்பாகும் வந்தன. யார் சொல்லியனுப்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்ரீஹர்ஷா ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சாவியோடு வந்தான்.

சாவி பூட்டுக்குள் போனது. திரும்பவில்லை. சுந்தரம் கடைக்கு ஓடி எண்ணெய் கொண்டுவந்தார். அப்போதும் திரும்பவில்லை.

"நீ பண்ணுடா, நீதான் கவுன்சிலர்," என்றாள் ருக்கு.

"நான் இந்த ஊருக்குக் கவுன்சிலர் இல்லியேம்மா. அலைஞ்சதெல்லாம் நீ. நீ திற."

"நான் எந்த ஊருக்குமே இல்லியேடா."

அம்மாவும் பிள்ளையும் சாவியை மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்த குழந்தைகள் பொறுமை இழந்துவிட்டார்கள். ரக்ஷிதா கேட்டில் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். கிறீச்சென்று நீளமாக ஒரு சத்தம். பூட்டு பூட்டியபடியே இருக்க, மறுபக்கத்தில் துருப்பிடித்துப்போன கீல் விட்டுக்கொண்டது. குழந்தைகள் தொற்றியிருந்த கேட் மெதுவாக, பல்லக்கு இறக்குவதுபோல, உள்ளே புல்லின் மேல் சாய்ந்து படுத்தது. கொடியும் கூடவே படுத்தது.

ரக்ஷிதா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "தொறந்துடுச்சு," என்றாள். அவ்வளவுதான். தெருவில் இருந்த குழந்தைகள் மொத்தமும் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடின.

வெட்டாத ரிப்பனைக் கையில் பிடித்தபடி பிரபா சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். "விழாவும் நடக்கவில்லை, பூட்டும் திறக்கவில்லை. என் மேல் யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது," என்றான் ஸ்ரீஹர்ஷா. திருப்தியாக ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் புல்லைப் பிடுங்கினார்கள். ஹரிஷ்குமாரும் அவன் கம்பெனிப் பையன்களும் மண்வெட்டி கொண்டுவந்து பாதையைச் சரிசெய்தார்கள். ப்ரஹ்லாத் சிமெண்ட் பெஞ்சில் ஏறிப் பேச வேண்டும் என்று சுந்தரம் பிடிவாதம் பிடித்தார். அவன் ஏறினான், ஜெர்மனியில் ஊஞ்சலுக்காக எட்டு மாதம் சண்டை போட்டதைச் சொன்னான். அந்த ஊரிலேயே எட்டு மாதம் ஆகிறது என்றால் நாம் ஒன்றும் மோசமில்லை என்று கூட்டத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கைதட்டல் அடங்கவில்லை.

ருக்கு சற்றுத் தள்ளி நின்று அவனைப் பார்த்தாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறான், இடையில் யாரோ கேள்வி கேட்டால் நிறுத்திவிட்டுக் கடைசி வார்த்தைவரை கேட்கிறான். நல்லவேளை, எங்கேயோ ஒரு ஊருக்கு இவன் கிடைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் அவளையே ஆச்சரியப்படுத்தியது.

பிரபா பக்கத்தில் வந்து நின்றாள். "மாமி, உண்மையச் சொல்லுங்க. மாமா நிக்கல, சரி. நீங்க நிக்கறீங்களா?"

"எனக்கு நிக்க நேரம் ஏது? சாயங்காலம் தெருவிளக்குக்காக ஒருத்தர்கிட்ட பேசணும்," என்றாள் ருக்கு. சொல்லிவிட்டுத்தான் தன் பேச்சு எப்படி இருக்கிறது என்று கவனித்தாள். பிரபா சுந்தரத்தைப் பார்த்து ஜாடையாகத் தலையை ஆட்டினாள்.

அப்போது ஊஞ்சல் பக்கம் கூச்சல் எழுந்தது. குழந்தைகள் வரிசையாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு ஊஞ்சலில் எலெக்ட்ரிகல் கடைப் பையன்கள் இரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இன்னொன்றில் சந்தானம். வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலை முன்னும் பின்னும் வீசி, அத்தனை பேர் பார்ப்பதையும் மறந்து உயர உயரப் போய்க்கொண்டிருந்தார்.

ருக்கு புல்லில் வேகமாக நடந்தாள்.

"இறங்குங்கோன்னா. குழந்தைகள் நிக்கறா."

"ஒரே ஒரு ஆட்டம் ருக்கு," என்றார் அவர் மேலேயிருந்து.